செல் ஆய்வில் சேரச் சொன்னால்
முற்றிய புற்றுநோய் உள்ள பெரியவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும்

கீமோ கொடுத்துப் பார்த்தாயிற்று. கதிர்வீச்சும் முடிந்துவிட்டது. ஆனாலும் நோய் திரும்பி வந்திருக்கிறது, அல்லது வேறு உறுப்புக்குப் பரவியிருக்கிறது. இந்த நிலையில் உங்கள் மருத்துவர், "ஓர் ஆய்வு நடக்கிறது. உங்கள் இரத்தத்திலிருந்தே செல்களை எடுத்து, வெளியே வளர்த்து, திரும்ப உங்கள் உடம்பில் செலுத்துவார்கள். விருப்பம் உண்டா?" என்று கேட்கலாம்.

ஜோகூரில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஜோகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் இதைக் கேள்விப்படுவார்கள். சிலருக்குச் சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் வழியாகத் தெரியவரும். சேர வேண்டும் என்றோ சேரக் கூடாது என்றோ இந்தக் கையேடு சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மட்டும் இங்கே உள்ளன.

இது ஆய்வு

மலாயில் 'காஜியான் கிளினிக்கல்' என்பார்கள். வீட்டில் பேசும்போது அது எப்படியோ 'புது ட்ரீட்மெண்ட்' ஆகிவிடுகிறது. தமிழாக்கத்திலும் இந்தச் சறுக்கல் எளிதாக நடக்கும். 'சிகிச்சை' என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் 'குணமாகும்' என்ற எண்ணம் தானாக வந்துவிடும். அதனால்தான் இந்தக் கையேட்டில் 'ஆய்வு' என்ற சொல்லையே விடாமல் எழுதுகிறோம்.

ஆய்வுகள் கட்டம் கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தின் முக்கியக் கேள்வி, "இது நோயைக் குணப்படுத்துமா?" என்பது அல்ல. "இது மனித உடம்புக்குத் தாங்குமா? எவ்வளவு கொடுத்தால் தாங்கும்?" என்பதுதான். பல ஆய்வுகளில் முதலில் மூன்று பேருக்குக் குறைந்த அளவு கொடுப்பார்கள். சில வாரம் பார்ப்பார்கள். பெரிய ஆபத்து இல்லையென்றால் அடுத்த மூவருக்கு அளவைக் கூட்டுவார்கள். ஆகவே நீங்கள் எத்தனையாவது ஆளாகச் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்களுக்குக் கிடைக்கும் அளவு மாறும். முதலில் சேர்பவருக்கு ஆபத்து குறையலாம், பலனும் குறையலாம். பிறகு சேர்பவருக்கு இரண்டும் கூடலாம். "எனக்கு எந்த அளவு கொடுக்கப் போகிறீர்கள்? எனக்கு முன்னால் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? அவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பலன் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 2000 முதல் 2019 வரை நடத்திய முதல் கட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் சேர்ந்தவர்கள் 13,000 பேருக்கும் மேல். கட்டி கணிசமாகச் சுருங்கியது 100 பேரில் ஏறக்குறைய 12 பேருக்கு. 2013க்குப் பிந்திய ஆய்வுகளில் இது 18 பேராக உயர்ந்தது. ஆய்வு மருந்தின் காரணமாகவே இறந்தவர்கள் 1,000 பேரில் 7 பேர். இவை பெரும்பாலும் மாத்திரை, ஊசி மருந்து ஆய்வுகள் என்பதால் செல் ஆய்வுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. 'சுருங்கியது' என்றால் 'குணமானது' என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில மாதங்களில் திரும்ப வளர்ந்த கட்டிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன.

மலேசியாவும் பங்கெடுத்த ஓர் ஆய்வு

மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய் நம் வட்டாரத்தில் அதிகம். சீனர்களிடையேயும் சரவாக் பழங்குடியினர் சிலரிடையேயும் கூடுதலாகக் காணப்படுகிறது. இதோடு தொடர்புடைய ஒரு வைரஸ் உண்டு. நோயாளியின் சொந்த வெள்ளை இரத்த அணுக்களை எடுத்து, அந்த வைரஸை அடையாளம் கண்டு தாக்கும்படி வெளியே பழக்கி, திரும்பச் செலுத்தினால் என்ன என்று சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலைய மருத்துவர்கள் முயன்றார்கள். முதலில் கீமோ, அதன் பிறகு செல்கள். 2014இல் முடிவு வெளிவந்தது. செல் பெற்ற 35 பேரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இரண்டு ஆண்டுகள் கழித்தும் உயிருடன் இருந்தார்கள். பரவிய நோய்க்கு இது மிக நல்ல செய்தி. பலரும் நம்பிக்கை வைத்தார்கள்.

அடுத்து மூன்றாம் கட்ட ஆய்வு. மலேசியா, சிங்கப்பூர், தைவான், தாய்லாந்து, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 330 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கீமோவும் செல்லும், மறு பாதிக்குக் கீமோ மட்டும். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. செல் பெற்றவர்கள் உயிர் வாழ்ந்த இடைநிலைக் காலம் 25.0 மாதம். பெறாதவர்களுக்கு 24.9 மாதம். அதாவது வித்தியாசமே இல்லை.

செல்கள் பெரிய கெடுதல் செய்யவில்லை. மருத்துவர்களும் ஏமாற்றவில்லை. சிறிய ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க மறு பாதி இல்லை, அவ்வளவுதான். சேர்ந்தவர்கள் ஓரளவு உடல்வலுவோடு இருந்ததால்கூட நல்ல முடிவு வந்திருக்கலாம். "போன ஆய்வில் நல்ல முடிவு வந்ததாம்" என்று யாராவது சொன்னால், "எத்தனை பேர்? யாரோடு ஒப்பிட்டார்கள்?" என்று கேளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டி-செல் எனப்படும் வெள்ளை அணுக்களுக்குள் ஒரு மரபணுவைச் சேர்த்து, புற்றுநோய்ச் செல்லைக் கொக்கி போட்டுப் பிடிக்கும்படி மாற்றும் முறைக்குக் கார்-டி என்று பெயர். 2012இல் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய் முற்றிய ஒரு சிறுமிக்கு இதைக் கொடுத்தார்கள். அவள் பிழைத்து வளர்ந்தாள். 2017இல் அமெரிக்காவும் 2021இல் சிங்கப்பூரும் இந்த முறைக்கு அனுமதி தந்தன. 2023இல் இந்தியா, பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற செல்லை அனுமதித்தது. இவை எல்லாமே முதல் கட்ட ஆய்வாகத் தொடங்கியவைதான்.

ஆனால் இவை இரத்தத்திலும் நிணநீரிலும் வரும் சில வகைப் புற்றுநோய்களுக்கு உரியவை. நுரையீரல், குடல், இரைப்பை, மார்பகம் போன்ற உறுப்புகளில் கட்டியாக வளரும் புற்றுநோயில் செல்கள் உள்ளே நுழையவே சிரமப்படுகின்றன. தோலில் வரும் மெலனோமா, மூட்டருகே வரும் ஓர் அரிய சார்கோமா ஆகிய இரண்டுக்கும் 2024இல்தான் அமெரிக்கா செல் முறையை அனுமதித்தது. உங்கள் நோய் எந்த வகை என்பது இங்கே மிக முக்கியம். பக்கத்து வீட்டுக்காரரின் லுக்கிமியாவும் உங்கள் குடல் புற்றுநோயும் ஒன்றல்ல.

செல்லை எடுப்பது முதல் செலுத்துவது வரை

கையில் அல்லது கழுத்தில் குழாய் போட்டு, இரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியாகச் செலுத்துவார்கள். இயந்திரம் வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு, மீதியை உடம்புக்குத் திருப்பி அனுப்பும். சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களைப் பார்த்திருந்தால் ஏறக்குறைய அதே காட்சிதான்.

எடுத்த அணுக்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். ஒரு கரண்டி உறையிலிருந்து ஒரு சட்டித் தயிர் உண்டாவதைப் போல, கொஞ்சம் அணுக்களிலிருந்து கோடிக்கணக்கில் வளர்ப்பார்கள். இதற்குப் பல வாரங்கள் ஆகும். உறை சில நாள் சரியாகப் பிடிக்காததுபோல, சிலருக்குச் செல்கள் வளராமலே போவதும் உண்டு. பல முறை கீமோ எடுத்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது நேரலாம். அந்த வாரங்களில் நோய் சும்மா இருக்காது. செல் தயாராகும் முன்பே உடல்நிலை மோசமாகி, ஆய்வில் தொடர முடியாமல் போனவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். காத்திருக்கும் காலத்தில் என்ன மருந்து கொடுப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லைச் செலுத்துவதற்குச் சில நாள் முன்பு, புதிய அணுக்களுக்கு இடம் கிடைப்பதற்காக, வழக்கமாக மூன்று நாள் கீமோ கொடுப்பார்கள். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. "கீமோ வேண்டாம் என்றுதானே இதற்கு வந்தேன்" என்று வருத்தப்படுகிறார்கள். இந்தக் கீமோவுக்குப் பிறகு நோய் எதிர்ப்புச் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். சில மாதங்களுக்குக் கூட்டமான இடங்களைத் தவிர்க்க வேண்டியிருக்கும். தைப்பூசம், கோயில் திருவிழா, கல்யாண விருந்து எல்லாம் இதில் அடங்கும். நேர்த்திக்கடன் இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், நாளைப் பார்த்து ஏற்பாடு செய்ய முடியும்.

செலுத்துவது மட்டும் எளிது. ஒரு பை இரத்தம் ஏற்றுவதுபோல, அரை மணி நேரத்தில்கூட முடிந்துவிடலாம். கவனிப்பு தேவைப்படுவது அதற்குப் பிறகுதான்.

முதல் சில வாரங்கள்

செல்கள் வேலை செய்யத் தொடங்கும்போது உடம்பு முழுவதும் அழற்சி கிளம்பலாம். காய்ச்சல், குளிர், உடல்வலி என்று சாதாரணக் காய்ச்சல்போலத் தொடங்கும். இரத்த அழுத்தம் விழுந்து மூச்சுத் திணறும் அளவுக்கும் போகலாம். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டி வரலாம். இதைத் தணிக்க மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு கொடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆய்வுக் குழு கொடுத்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

சிலருக்கு மூளையும் பாதிக்கப்படும். பேச்சு தடுமாறும், ஆள் அடையாளம் தெரியாது, கை நடுங்கும். பெரும்பாலும் சரியாகிவிடும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தாதியர் தினமும் சில கேள்விகள் கேட்பார்கள். இது எந்த வருடம், எந்த மாதம்? நாம் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் இருக்கிறோம்? மூன்று பொருள்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். பத்து மதிப்பெண். மதிப்பெண் குறைந்தால் மருந்து தொடங்குவார்கள்.

தமிழ் பேசும் பெரியவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில வகுப்பு மட்டும் படித்த ஒருவரிடம் ஆங்கிலத்திலோ மலாயிலோ வாக்கியம் எழுதச் சொன்னால், மூளை நன்றாக இருந்தும் மதிப்பெண் குறையும். எழுதவே தெரியாதவருக்கு இன்னும் குழப்பம். மறுபுறம், "பாட்டிக்கு எப்போதுமே அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் உண்மையான தடுமாற்றம் கண்ணில் படாமல் போகும். ஆகவே செல் செலுத்துவதற்கு முன்பே, நீங்கள் நன்றாக இருக்கும் நாளில், இந்தச் சோதனையை ஒரு முறை தமிழில் செய்து பதிந்து வைக்கச் சொல்லுங்கள். என்ன எழுத முடியும், என்ன முடியாது என்பதைச் சொல்லிவிடுங்கள். கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் என்றால் தினமும் அதையே போட்டுக் காட்டலாமா என்று கேளுங்கள். கூட இருக்கும் மகனோ மகளோ இந்தக் கேள்விகளைத் தமிழில் சொல்லப் பழகிக்கொள்வது நல்லது.

சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயம் என்று எந்த மாத்திரை சாப்பிட்டாலும் பட்டியலைக் கொண்டு போங்கள். நாட்டு மருந்து, கஷாயம், நேரடி விற்பனையில் வாங்கிய சத்து மாவு எல்லாவற்றையும் அதில் சேருங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம்.

"அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்"

நம் குடும்பங்களில் பிள்ளைகள் மருத்துவரைத் தனியாகப் பிடித்து, "புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்" என்று கேட்டுக்கொள்வது வழக்கம். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் ஆய்வில் சேர்வதற்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. சுய நினைவோடும் தெளிவோடும் இருக்கும் ஒருவருக்குப் பதிலாக மனைவியோ மூத்த மகனோ கையெழுத்திட முடியாது. என்ன நோய், எந்த நிலை, வேறு என்ன வழி இருக்கிறது, ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் நோயாளிக்கே தெரிந்திருக்க வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றால் மருத்துவரையே சொல்லச் சொல்லலாம். பெரும்பாலான பெரியவர்கள் அரைகுறையாக ஊகித்துத்தான் இருப்பார்கள். பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல் நடந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பெரியவர்களுக்கே சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்பதற்காக நீங்கள் சேர வேண்டியதில்லை. "வேண்டாம்மா, நான் வீட்டிலேயே இருக்கிறேன்" என்று சொல்வதும் ஒரு முடிவுதான். வலியைக் குறைக்கும் மருந்தும் ஆதரவுப் பராமரிப்பும் தொடர்ந்து கிடைக்கும். ஆய்வுக்கு மறுத்ததால் உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் குறைக்கக் கூடாது. அதேபோல, சேர்ந்தாலும் வலி நிவாரணப் பிரிவுக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை. "உலகத்தில் அடுத்து வருபவனுக்காவது உதவட்டும்" என்று சேர்பவர்கள் உண்டு. முதல் கட்ட ஆய்வுக்கு அது மிகப் பொருத்தமான காரணம்.

காகிதம்

ஒப்புதல் படிவம் இருபது, முப்பது பக்கம்கூட இருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் அதை விளக்க வேண்டியது ஆய்வு நடத்துபவரின் கடமை. தமிழ்ப் படிவம் கேளுங்கள். படிக்க முடியாதவராக இருந்தால் முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அப்போது ஆய்வைச் சேராத நடுநிலைச் சாட்சி ஒருவர் கூடவே இருந்து, அவரும் கையெழுத்திட வேண்டும். உங்கள் கைரேகையும் படிவத்தில் வேண்டும். அன்றைக்கே போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய், வயசான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். கையெழுத்தான படிவத்தின் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும்.

சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் நடக்கும் ஆய்வை மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு அங்கீகரித்திருக்க வேண்டும். ஆய்வு தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். சோதனைச் செல்லைப் பயன்படுத்தத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் உள்ள மருத்துவ ஆய்வு மையத்தில் விசாரிக்கலாம். ஜோகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் அத்தகைய மையம் உண்டு.

பணமும் பயணமும்

ஆய்வுச் செல்லுக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை. ஆனால் வழக்கமான ஸ்கேன், படுக்கைக் கட்டணம், பக்கவிளைவு வந்தால் ஆகும் செலவு ஆகியவற்றை யார் ஏற்பார்கள் என்பது படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆய்வுக்கான காப்புறுதி இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் மருத்துவ அட்டை வைத்திருப்பவர்கள், ஆய்வில் சேர்ந்தால் அது செல்லுமா என்று நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

இத்தகைய ஆய்வு நடக்கும் இடம் வேறு மாநிலத்தில் இருக்கலாம். புத்ராஜெயா தேசியப் புற்றுநோய் நிலையமும், இரத்தப் புற்றுநோய்க்கு உரிய அம்பாங் மருத்துவமனையும் ஜோகூர் பாருவிலிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. லார்கினில் பஸ் ஏறினால் நான்கு, ஐந்து மணி நேரம். செல் செலுத்திய பிறகு சில வாரம் மருத்துவமனைக்கு அருகிலேயே, ஒருவர் துணையோடு தங்கச் சொல்வார்கள். வாகனம் ஓட்டவும் கூடாது. குளுவாங்கிலோ சிகாமட்டிலோ இருப்பவருக்குத் தங்குமிடம், துணைக்கு வருபவரின் வேலை விடுப்பு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து பெரிய செலவு. போக்குவரத்துப் பணம் தருவார்களா, எவ்வளவு, எப்போது என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

காசு கேட்டால்

'ஸ்டெம் செல்', 'இம்யூன் செல்' என்று சொல்லிப் பல்லாயிரம் ரிங்கிட் கேட்கும் இடங்கள் உண்டு. வாட்சாப்பில் வீடியோ வரும், குணமானவர்கள் பேசுவார்கள். உண்மையான முதல் கட்ட ஆய்வு இப்படி விளம்பரம் செய்து விற்காது. ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, லுக்கிமியா போன்ற இரத்த நோய்களுக்குச் செய்யும் மாற்று சிகிச்சை மட்டுமே நிரூபிக்கப்பட்ட வழக்கமான சிகிச்சை. ஊழியர் சேமநிதியையோ வீட்டு நிலத்தையோ எடுத்துக் கொடுக்கும் முன், அவர்கள் தரும் காகிதத்தை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

விலகுவது

எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலும் விலகலாம். செல் உடம்புக்குள் போன பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். மரபணு மாற்றிய செல்லாக இருந்தால், 15 ஆண்டுகள்வரை தொடர்ந்து பார்க்க விரும்புவார்கள். கார்-டி பெற்ற மிகச் சிலருக்குப் பின்னாளில் வேறு ஒரு இரத்தப் புற்றுநோய் வந்ததால், 2024இல் அமெரிக்கா இதற்கு எச்சரிக்கை சேர்த்தது. எழுபது வயதில் சேர்பவரிடம் 15 ஆண்டுக் கணக்கைச் சொன்னால் பலர் சிரித்துவிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே இருந்தாலும், தொடர்புக்குக் கொடுத்த தொலைபேசி எண் மாறினால் ஆய்வுக் குழுவுக்குத் தெரிவித்து வையுங்கள். ஆய்வில் இருப்பதைக் காட்டும் அட்டையை மைகாட்டோடு சேர்த்தே வைத்துக்கொண்டால், வேறு ஊரில் அவசரமாக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும் அங்குள்ளவர்களுக்கு யாரை அழைப்பது என்று தெரியும்.